28 வயசுக் கப்பல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பாதையில், ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது சாகுபுரம். பெரிய ரசாயனத் தொழிற்சாலை, அதைச் சுற்றி உப்பளங்கள், ஓயாமல் போய்வரும் லாரிகள்.

இந்தப் பக்கம் பழைய லாரி ஒன்று உங்களுக்கு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சல்லிசான விலை. ஒரே ஒரு குறைதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பொசுக்கென்று நின்றுவிடும்!

‘‘பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி... டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கு. பில்டர மாத்துனா சரியாயிரும்’’ என்பார் விற்கிறவர். உண்மையாகவும் இருக்கலாம். பில்டர் என்றால் சில்லறைச் செலவு. டீசல் பம்ப் என்றால் கொஞ்சம் பெரிய செலவு. இன்ஜினையே பிரிக்கவேண்டும் என்றால் போச்சு! நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் உஷாராகிவிடுங்கள். காலையில் பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் சூட்சுமம். அப்படியே குனிந்து சேஸையும் பார்த்துவிடுங்கள். உப்பு சுமந்த லாரியை உப்பு தின்னாமலா விட்டிருக்கும்?

இதே தலைவலி 1919-ல் பம்பாயில் ஒருவருக்கு வந்தது. லாரி அல்ல, கப்பல்!

அவர் பெயர் வால்சந்த் ஹீராசந்த். ரயில்வே கான்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்தவர். கப்பல் தொழிலில் அனுபவம் கிடையாது. ரயிலில் கூடப் பயணம் செய்த ஒரு வெள்ளைக்காரர் பேச்சுவாக்கில், ‘பம்பாய் துறைமுகத்தில் ஒரு கப்பல் விலைக்கு நிற்கிறது’ என்றாராம். வால்சந்த் ரயிலை விட்டு இறங்கி, நேரே துறைமுகத்துக்குப் போனதாக ஒரு கதை உண்டு.

அங்கே நின்றது ‘லாயல்டி’. அதன் பழைய பெயர் ‘எம்ப்ரஸ் ஆஃப் இண்டியா’. இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1891-லிருந்து கனடாவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே பயணிகளையும் தபாலையும் சுமந்த சொகுசுக் கப்பல். முதல் உலகப் போர் வந்ததும், குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா அதை வாங்கி, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரிக் கப்பலாக்கினார். போர் முடிந்தது. கப்பலுக்கு வேலையும் முடிந்தது.

வயசு 28. எஃகுக் கப்பலுக்கு அது கிழட்டுப் பருவம். வயசைக்கூட மன்னிக்கலாம். அசல் கோளாறு வேறு. வேகமாகப் போவதற்காகச் செய்யப்பட்ட கப்பல் அது. இரட்டை இன்ஜின், அதற்கேற்ற அகோரப் பசி. நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சரக்கு ஏற்றலாம் என்றால், பாதி இடத்தைப் பயணிகளின் அறைகள் அடைத்துக்கொண்டிருந்தன.

பி.காம். முதல் வருஷ மாணவனிடம் கேட்டால்கூட ‘வேண்டாம் சார்’ என்றுதான் சொல்வான். வால்சந்த் வாங்கினார்! நரோத்தம் மொரார்ஜி போன்ற கூட்டாளிகளோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிக்கு ‘சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன்’ என்று, கப்பலை விற்றவரின் பெயரையே வைத்தார்.

ஏன் வாங்கினார்? போரில் ஏகப்பட்ட கப்பல்கள் மூழ்கிப்போயிருந்தன. புதுசு வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும். சரக்குக் கட்டணமோ உச்சத்தில்! மிதக்கிற எதுவும் காசு பார்த்த காலம் அது. ‘அப்படியானால் ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்திருக்கலாமே’ என்று கேட்பீர்கள்.

வாடகை வண்டியை நம்பினால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரர்களைக் கேட்கவேண்டும். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்; மூலதனம் பத்து லட்சம். முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்தான் கொழும்புக்குப் போய்வந்தது. அந்தக் கடலில் கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி (சுருக்கமாக பி.ஐ.) கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் பின்வாங்கியது. டிக்கெட் வாங்க ஜனங்கள் தயார், ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை! கொழும்பிலிருந்து ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து சமாளித்துவிட்டு, பம்பாய்க்குக் கிளம்பினார் வ.உ.சி. திரும்பினால் கப்பலோடுதான் என்று சபதம். 1907-ல் ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன.

கதை பம்பாய்க்குத் திரும்பட்டும். 1919 ஏப்ரல் 5 அன்று லாயல்டி லண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்தும் அதில் ஏறிக்கொண்டார். இன்றைக்கும் அந்தத் தேதியைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கொண்டாட்டம் சரி, கணக்கு? கணக்கு உதைத்தது. அடுத்த ஓரிரு வருஷங்களில் உலகம் முழுக்கக் கப்பல்கள் பெருகி, சரக்குக் கட்டணம் தலைகுப்புற விழுந்தது. கட்டணம் உச்சத்தில் இருந்தபோது கண்ணில் உறுத்தாத நிலக்கரிச் செலவு, இப்போது பூதாகாரமாகத் தெரிந்தது. 1923-ல் பம்பாயிலேயே லாயல்டியைக் காயலான் கடைக் கணக்கில் விற்றார்கள். வாங்கி நாலே வருஷம்!

அதே 1923-ல் வால்சந்த் தரப்பு, பி.ஐ.யின் தலைவர் இஞ்ச்கேப் பிரபுவோடு பத்து வருஷ ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டது. சிந்தியா கம்பெனி இந்தியக் கரையோரச் சரக்கு வியாபாரத்தோடு நிற்கவேண்டும், கப்பல்களின் மொத்த அளவு 75,000 டன்னைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை. அவமானகரமான ஒப்பந்தம் என்று அப்போதே திட்டினார்கள். எனக்கென்னவோ அது கெட்டிக்கார வியாபாரியின் கையெழுத்தாகத்தான் படுகிறது. ஓட்டைக் கப்பலில் ஆரம்பித்த கம்பெனி, அந்தச் சின்ன இடத்தில் காலூன்றி, சுதந்திர இந்தியாவின் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது.

தூத்துக்குடியில் நடந்தது நேர்மாறு. பி.ஐ. கட்டணத்தைக் குறைத்தது, வ.உ.சி.யும் குறைத்தார். கடைசியில் இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையையும் பி.ஐ. கொடுத்ததாகச் சொல்வார்கள். அதிலும் மசியாத ஜனங்கள் இருந்தார்கள். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் ராஜத்துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், 1912 கடைசி வரை ஜெயில்தான். ஓட்டுவதற்கு ஆள் இல்லாத கம்பெனி கடனில் தள்ளாடி, 1911-ல் இழுத்து மூடப்பட்டது.

காலியாவை யார் வாங்கினார்கள் தெரியுமா? பி.ஐ. கம்பெனி!