ஏறி நின்று கண்ட நகர்

தரமணி தட்டையான நிலம். இங்கிருந்து நகர் முழுவதையும் காண விழைவோர் மேற்கே பரங்கிமலைக்கே செல்லவேண்டும். ஏறத்தாழ 300 அடி உயரமே உடைய குன்று. எனினும் சென்னையை உயர நின்று கண்ட வரலாறு அதனோடு பின்னிப் பிணைந்தது.

1523-இல் போர்த்துக்கீசியர் அதன் உச்சியில் தேவாலயம் எழுப்பினர். 1726-இல் ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் படிகள் அமைத்தார். தொழச் சென்றோர் கடலையும் கண்டு மீண்டனர். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் வந்தபோதோ பார்வையின் நோக்கமே மாறிற்று. மலையடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம்வரை ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அவர் சங்கிலியிட்டு 57 நாள்களில் அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அதுவே தொடக்கம். அதற்குக் குன்றினும் இடைப்பட்ட சமவெளியே இன்றியமையாததாயிற்று.

பின்னைய உயரங்கள் மனிதர் கட்டியவை: உயர்நீதிமன்ற வளாகத்தில் 1844-இல் எழுந்த கலங்கரை விளக்கம், 1959-இன் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம், 1977-இன் மெரினா கலங்கரை விளக்கம், தரமணியிலேயே 2000-இல் திறந்த டைடல் பூங்கா. கடற்கரையின் நீள்வளைவைக் காண மெரினா விளக்கமே சிறந்தது. ஆனால் அது நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, 2013 நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. டைடலின் மேல்மாடிகளோ பணிபுரிவோர்க்கே உரியன.

பரங்கிமலையில் காலில் வலுவிருந்தால் போதும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் கண்மட்டத்துக்குக் கீழே செல்லும். தென்கிழக்கே, லாம்டனின் சங்கிலி கிடந்த திசையில், வீடுகளுக்கிடையே பள்ளிக்கரணைச் சதுப்பின் எஞ்சிய நீர் மின்னும்.