மேடைப் பாட்டும் வழிநடைப் பாட்டும்

மோகனூரில் காவிரி அகன்று கிடக்கிறது. நீர் வற்றிய மாதங்களில் அந்த அகலத்தின் பெரும்பகுதி மணல். 1888 ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளையை நாமக்கல் கவிஞர் என்று நாடு அறியும். உப்புச் சத்தியாக்கிரகத்திற்காக அவர் இயற்றிய வழிநடைப் பாட்டைப் பள்ளியில் ஒருமுறையேனும் பாடாத தமிழர் குறைவு. காலநிலை மாற்றத்தைப் பற்றி எழுத அமர்ந்தவன் இந்தப் பழம்பாட்டை நினைவுகூர்வானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்கள் பங்கு இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் வந்தனர். புவி வெப்பமாதலை மக்களுக்கு உணர்த்தவும், நிதி திரட்டவும் பெரியதோர் இன்னிசை இரவு நடத்தலாமா என்று கேட்டனர். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று மறுக்கவும் மனம் வரவில்லை. இத்தகைய முயற்சிகள் முன்பு எங்கே நடந்தன, என்ன விளைந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நற்பணிக்காகக் கச்சேரி செய்வது நமக்குப் புதிதன்று. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944 இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். ஆயினும் இன்று நாம் காணும் மாபெரும் உதவி நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி 1971 ஆகஸ்ட் 1 ஆம் நாள் நியூயார்க்கில் நடந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் கிழக்கு வங்கத்தைத் தாக்கிய புயல் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. தொடர்ந்து போர்; எல்லை தாண்டி வந்த அகதிகள் இலட்சோபலட்சம். சித்தார் மேதை ரவிசங்கர் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். மேடிசன் சதுக்க அரங்கில் ஒரே நாளில் இரு நிகழ்ச்சிகள்; வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர்.

அன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தங்கள் கருவிகளுக்குச் சுருதி கூட்டி முடித்தவுடன் அரங்கம் அதிரக் கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களானால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் புன்னகையோடு சொன்னார். கைதட்டல் எப்போதும் புரிதலுக்குச் சான்றாகாது. மறையுரை ஆற்றுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்!

நுழைவுச் சீட்டில் கிடைத்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப் நிறுவனத்திற்குச் சேர்ந்தது. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெருந்தொகையோ அமெரிக்க வரித்துறையின் பிடியில் பல ஆண்டுகள் முடங்கியது. எனினும் வங்காளதேசம் என்ற பெயர் அந்த ஒரு நாளில் உலகின் செவியில் விழுந்தது. பசித்தவர் இன்னார், அவருக்கு வேண்டியது இன்னது என்பதில் கேட்டவர் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

காலநிலைக்காகப் பாடியபோது இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 2007 ஜூலை 7 ஆம் நாள் 'லைவ் எர்த்' என்ற பெயரில் சிட்னி, டோக்கியோ, ஷாங்காய், ஜோகன்னஸ்பர்க், இலண்டன், ரியோ டி ஜெனிரோ முதலிய நகரங்களில் ஒரே நாளில் இசைவிழாக்கள் நடந்தன. அண்டார்ட்டிகாவில் பிரிட்டானிய ஆய்வு நிலையத்திலிருந்து அங்கே பணியாற்றியவர் ஐவர் கூடப் பாடினர். முன்னின்றவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர். இருநூறு கோடிப் பேரை எட்டுவது இலக்கு என்றனர். கேட்பவர்கள் ஏற்க ஏழு அம்ச உறுதிமொழி ஒன்றும் இருந்தது. 1985 இல் எத்தியோப்பியப் பஞ்சத்திற்காக 'லைவ் எய்ட்' நடத்திய பாப் கெல்டாஃப் அப்போதே குறை சொன்னார்: புவி வெப்பமடைவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தலைவர்களிடம் உறுதியான நடவடிக்கை எதையும் பெறாமல் மேடையேறி என்ன பயன் என்பது அவர் கேள்வியின் சாரம். கலைஞர்கள் விமானத்தில் பறந்து வந்ததால் எழுந்த புகையையும் பலர் சுட்டிக்காட்டினர்.

இந்தியாவுக்கும் அத்தகைய விழா ஒன்று வரவிருந்தது. மும்பையில் 2008 டிசம்பர் 7 ஆம் நாள் என்று குறித்திருந்தார்கள். நவம்பர் 26 ஆம் நாள் தாக்குதலுக்குப் பின் அது கைவிடப்பட்டது.

அந்த 2007 ஆம் ஆண்டுக்குப் பின் உலகின் கரிம உமிழ்வு குறிப்பிடத்தக்க அளவு குறைந்த ஆண்டுகள் இரண்டு. பொருளாதாரம் சரிந்த 2009 ஒன்று. கொள்ளைநோய் ஊரை அடைத்த 2020 மற்றொன்று. இதற்காகப் பாடகர்களைப் பழிப்பது நியாயமன்று. பெயரறியாதவருக்குப் பெயரையாவது அவர்கள் அறிவித்தார்கள். ஆனால் பெயரறிவது வேறு, விழிப்பது வேறு.

இனி நம் கவிஞரிடம் திரும்புவோம். 1930 ஏப்ரல் 13 ஆம் நாள் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு பேர் வேதாரண்யம் நோக்கி நடந்தனர். தலைமை தாங்கிய இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, அந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றியவர். திருச்செங்கோட்டில் ஆசிரமம் கண்டவர். நாமக்கல் கவிஞரின் பாட்டை வழிநெடுகப் பாடிச் சென்றனர். இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குச் சிறை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 ஆம் நாள் இராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார்.

அந்தப் பாட்டுக்கு மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கேட்டவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது: உடன் நடக்கலாம், உப்பு அள்ளலாம், ஒன்றும் இயலாதவன் ஒரு பொட்டலம் கட்டலாம். ஒவ்வொன்றுக்கும் விலையும் இருந்தது. உப்பு எல்லார் அடுப்படியிலும் இருந்த பொருள்; அதன் வரியோ எல்லாருக்கும் சுமை. பாட்டுக்கு முன்பே துன்பம் தெரிந்திருந்தது. பாட்டு அதற்குக் கால்களைக் கொடுத்தது.

காலநிலையின் துன்பம் நம் சமவெளிக்குத் தெரியாததா? 2016 இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த கோடையில் தென்னைகள் தலை சாய்ந்து கருகியதைக் கண்டோம். ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கடன்பட்டவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். தெரியாதது துன்பமன்று, அதற்கும் நமக்கும் உள்ள தொடர்பு. மேட்டூரிலே 1934 இல் எழுந்த அணையும், நிலக்கரி எரித்து 1,440 மெகாவாட் மின்சாரம் தரும் அனல்மின் நிலையமும் அருகருகே நிற்கின்றன. அணை மழைக்காகக் காத்திருக்கிறது. புகைபோக்கி அந்த மழையின் ஒழுங்கைக் குலைக்கும் வாயுவை வெளியிடுகிறது. நம் இன்னிசை மேடையின் ஆயிரம் விளக்குகளும் அப்படிப்பட்ட நிலக்கரியால்தான் பெரும்பாலும் எரிகின்றன.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017 கோடையில், அப்போது நான் இருந்த பங்கில் மரக்கன்று நிதிக்காக இன்னிசை நிகழ்ச்சி நடத்த அனுமதி கொடுத்தேன். நல்ல கூட்டம். மின்தடைக்கு அஞ்சி இரவு முழுதும் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. செலவு போக மிஞ்சியதில் இருநூறு கன்று வாங்கி நட்டோம். யார் நீர் ஊற்றுவது என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறு ஆண்டு எண்ணியபோது பதினொன்று இருந்தன. அவையும் தண்ணீர் லாரி வந்து நிற்கும் இடத்தை ஒட்டி நட்டவை. குடங்களிலிருந்து சிந்திய நீரில் பிழைத்தவை.

சேலத்திலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. 2010 ஆம் ஆண்டில் நகரமக்கள் சிலர் ஒன்றுகூடி மூக்கனேரியைத் தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் வளர்த்தார்கள். இன்று அத்திட்டுகளில் பறவைகள் அடைகின்றன.

இளைஞர்களிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. கச்சேரி முடிந்த மறுநாள் காலையில் அந்தக் கூட்டம் எங்கே போகும் என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் அமைதியாயிருந்தார்கள். பிறகு ஒருவன் ஊர் ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலைப் பற்றிப் பேசினான். அது எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்துவரப் போயிருக்கிறார்கள். இசைக்குழுவுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.