கள் என்னும் பெயர்

கொற்கையில் முத்தும் கள்ளும் சேர்த்தே பேசப்பட்டன. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், பாண்டியன் நெடுஞ்செழியனைக் கொற்கையோர் விரும்பும் தலைவனாகப் பாடுகிறார். அங்கே ஊருக்கு அடையாளமாக முதிர்ந்த முத்தையும் சங்குவளைச் சேரியையும் சொன்ன கையோடு கள்ளையும் சொல்லிவிடுகிறார். இன்று கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன சிற்றூர். சுற்றுவட்டாரத்தில் பனைக்குக் குறைவில்லை.

ஆனால் சங்ககாலத்தில் கள் என்றாலே பனங்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அகநானூற்றின் 35ஆம் பாட்டில் நடுகல்லுக்குப் படைக்கிறார்களே, அந்தத் தோப்பிக் கள் நெல்லில் ஆக்கியது. நெல்லில் ஆக்கியதற்கும் கள் என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அதன் பக்குவத்தையே விவரிக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற பிழாவில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். இடித்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைகட்டிய தானியம், களி, ஆறவைத்தல், புளிப்பு: இது பீரேதான். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற பழைய பீருக்கு இன்றும் கொதித்த சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவெல்லாம் திறந்தே வைத்து ஆற்றுகிறார்கள். காற்றில் உள்ள ஈஸ்ட்டே அதைப் புளிக்கவைக்கும். அந்தத் தொட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பிழாதான் கண்முன் நிற்கிறது.

அப்போது குடிவகைகளுக்குப் பெயர் வைத்தது கைவேலை. அரித்தது அரியல், பிழிந்தது பிழி, தெளிந்தது தேறல். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக நின்றது கள். பூவில் ஊறும் தேனையும் அச்சொல் குறித்தது. மகிழ்ச்சியைச் சொல்லும் களி அதற்கு உறவு என்பர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் கள்ளு, தெலுங்கில் கல்லு. வேலையால் வந்த பெயர்கள் பேச்சிலிருந்து உதிர்ந்துபோயின. மிஞ்சிய பொதுப்பெயர் சுருங்கிப் பனையிலும் தென்னையிலும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் கள்ளுக்கு வடக்கே வழங்கிய தாடி என்ற சொல்லை எடுத்து டாடி ஆக்கினார்கள். அது ஸ்காட்லாந்து வரை போய், சுடுநீரில் சர்க்கரையோடு கலந்த விஸ்கிக்குப் பெயரானது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரிகளில் பனையேறி காலையும் மாலையும் மரமேறுவார். இடுக்கியால் பாளையை நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயம் கட்டுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் கலயத்திலேயே நுரை கட்டும், அது கள். இறக்கியதும் இனிப்பு மிஞ்சி நிற்கும். வெயில் ஏற ஏற புளிப்பும் காட்டமும் கூடும். ஒரே பாளை, ஒரே சொட்டு. பெயரைப் பிரிப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. பதம் கெடாமல் காத்த நீர் பதநீர். அதுவே பேச்சில் பதனியாகி, நெல்லைச் சீமையில் பைனி என்றும் தேய்ந்தது. ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கைப் பிதுக்கிப் போட்டுக் குடிக்கையில் யாரும் அதைப் பதநீர் என்று முழுசாகச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மதுவின் தீங்கை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தடையோடு சேர்ந்து ஒரு சொல்வளமும் போகிறது. எந்த மரத்துக் கள், எந்த நேரத்துக் கள், எத்தனை நாழிகை புளித்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த நாவுகள் குறைந்துவருகின்றன. அந்தச் சொற்களை உள்ளவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

பதநீர் அடுப்பேறினால் கருப்பட்டி. இந்தப் பெயரோ கரும்பிலிருந்து வந்தது: கருப்புக்கட்டி, அதாவது கரும்பின் கட்டி. கரும்பு அந்தப் பெயரை விட்டு வெல்லம் என்றாக, பனை அதை எடுத்துக்கொண்டது. ஆனாலும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றபோது பதிவான பெயர் உடன்குடி பனங்கருப்பட்டி.