ஆஸ்ட்ரோசாட் வன் ஊடுகதிர் உணர்கருவியின் அளவுத்திருத்தம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது சுமந்துசென்ற கருவிகளுள் ஒன்று காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகங்களாலான வன் ஊடுகதிர் உணர்கருவி. அதில் தொகுதிக்கு 256 வீதம் 64 தொகுதிகளில் 16,384 பிக்சல்கள் உள்ளன. ஒரே ஆற்றலுடைய ஃபோட்டான் விழுந்தாலும் எல்லாப் பிக்சல்களும் ஒரே அளவான மின்துடிப்பைத் தருவதில்லை. எனவே ஒவ்வொரு பிக்சலின் துடிப்பையும் ஆற்றல் அலகாக மாற்றும் அளவுத்திருத்தம் தேவைப்படுகிறது. இது ஏவுதலுக்கு முன்பே முடிந்த ஆயத்தப் பணியன்று. கருவியின் கண்டுபிடிப்புகளுக்கு எல்லை வகுத்த தொடர்பணி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

உடன் சென்ற அளவுகோல்

தரையில் அமெரிசியம்-241 உள்ளிட்ட பல கதிரியக்க மூலங்களைக் கொண்டு பிக்சல்கள் சோதிக்கப்பட்டன. விண்ணுக்கு அமெரிசியம் உடன் அனுப்பப்பட்டது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 432 ஆண்டுகள். ஆதலால் திட்டக் காலம் முழுவதும் அதன் வீரியம் பெரிதும் மாறாது. அது சிதையும்போது ஆல்ஃபா துகளும் 59.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வெளிப்படுகின்றன. ஆல்ஃபா துகளைச் சீசியம் அயோடைடு படிகம் பதிவுசெய்வதால், அக்கணத்தில் வந்த ஃபோட்டானை வான்பொருளின் கதிரிலிருந்து பிரித்தறிய முடிகிறது.

தளவிளைவுச் சோதனை

100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஒரு பிக்சலில் சிதறும் ஃபோட்டான் அண்டைப் பிக்சலில் உட்கவரப்படக்கூடும். சிதறிய திசை கதிரின் தளவிளைவைக் காட்டும். ஆனால் பிக்சல்கள் சதுரமானவை. தளவிளைவற்ற கதிரும் திசைக்குத் திசை வேறுபட்ட எண்ணிக்கையையே தரும். இப்பொய்த்தோற்றம் ஏவுதலுக்கு முன்பே ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. இன்டெக்ரல் செயற்கைக்கோளின் கருவிகளுக்கு இத்தகைய முன்சோதனை அமையவில்லை. நண்டு நெபுலாவின் துடிப்பு விண்மீன் பற்றி வடவாலே முதலானோர் 2017இல் வெளியிட்ட தளவிளைவு முடிவுகளின் நம்பகத்தன்மைக்கு இச்சோதனையே அடிப்படை.

ஒதுக்கப்பட்ட பிக்சல்கள்

ஏவுதலுக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிக்சல்களின் பெருக்கம் குறைந்திருந்தது. தொடக்கத்தில் அவை ஆய்வுகளிலிருந்து விலக்கப்பட்டன. பெருக்கம் குறைந்த பிக்சலில் உயர் ஆற்றல் ஃபோட்டானும் அளவெல்லைக்குள் அடங்கும். அவை மீண்டும் அளவுத்திருத்தம் செய்யப்பட்டபின், காமாக்கதிர் வெடிப்புகளின் ஆய்வு முன்னைய ஆற்றல் எல்லையைக் கடந்து விரிந்தது.

முடிவுரை

விண்ணில் உள்ள கருவியைக் கையால் தொட்டுத் திருத்த இயலாது. அதைப் பற்றிய அறிவையே திருத்த இயலும். குறையென ஒதுக்கப்பட்டவை பயன்பாட்டுக்கு மீண்டதற்கு அத்திருத்தமே காரணம். ஆகவே கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் ஏவுதல் நாளோடு நின்றுவிடாமல், அளவுத்திருத்தப் பதிவுகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.