லித்ரம் சாலிகாரியா

லித்ரம் சாலிகாரியா என்பது ஈரமான தோட்ட ஓரங்களில் வளர்க்கப்படும் பல்லாண்டுப் பூச்செடி ஆகும். ஆங்கிலத்தில் பர்ப்பிள் லூஸ்ட்ரைஃப் என அழைக்கப்படுகின்றது. ஐரோப்பாவும் ஆசியாவின் மிதவெப்பப் பகுதிகளும் இதன் தாயகம். மருதாணி, மாதுளை, பூமருது ஆகியன அடங்கிய லித்ரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. 1753 இல் லின்னேயசு இதற்குப் பெயரிட்டார். இலைகள் வில்லோ மரத்தின் இலைகளை ஒத்திருப்பதைச் சாலிகாரியா என்னும் சொல் குறிக்கின்றது. தாயகத்தில் விரும்பி வளர்க்கப்படும் இச்செடி, வட அமெரிக்காவின் பல பகுதிகளில் தடை செய்யப்பட்ட களையாகும்.

வளர்ப்பு

செடி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் உயரம் வளரும். கோடையில் செவ்வூதா நிறப் பூக்கள் நீண்ட கதிர்களாகப் பூக்கும். குளிர்காலத்தில் தண்டுகள் பட்டுப்போனாலும், உறைபனியைத் தாங்கும் வேரடியிலிருந்து வசந்தத்தில் புதிய தண்டுகள் கிளம்பும். நல்ல வெயிலும் காயாத மண்ணும் வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணிலும், குளக்கரையின் ஆழமற்ற நீரிலும்கூட வளரும். வசந்தத்தில் வேரடியைப் பிரித்து நடுவதே எளிய முறை. உரம் பெரிதாகத் தேவையில்லை. பூத்து முடிந்த கதிர்களை விதை முற்றுமுன் வெட்டிவிட வேண்டும். இதைத் தவறவிடுவோர் அடுத்த ஆண்டு தோட்டமெங்கும் நாற்றுகளைக் காண்பர்.

பூவின் அமைப்பு

இச்செடியில் மூன்று வகைப் பூக்கள் உண்டு. ஒரு செடியில் ஒரு வகையே பூக்கும். சூல்தண்டு ஒரு வகையில் நீண்டும், ஒன்றில் நடுத்தரமாகவும், மற்றொன்றில் குட்டையாகவும் இருக்கும். மகரந்தத்தாள்கள் எஞ்சிய இரு உயரங்களில் அமைந்திருக்கும். தன் சூல்தண்டின் உயரத்திலேயே உள்ள மகரந்தத்தாளின் மகரந்தம் கிடைத்தால்தான் பூ நிறைவாக விதை தரும். அம்மகரந்தம் வேறு வகைச் செடியிலிருந்தே வர வேண்டும். சார்லசு டார்வின் இதை விரிவாக ஆராய்ந்து 1864 இல் ஆய்வுரையாகவும் 1877 இல் நூலிலும் விளக்கினார்.

வட அமெரிக்காவில்

கப்பல்களில் பாரத்திற்காக ஏற்றிய மண்ணோடும், பூச்செடியாகவும் மூலிகையாகவும், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்றது. நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடும். நீரோட்டத்தில் பரவி, கோரை முதலிய சதுப்பு நிலத் தாவரங்களின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1987 இல் இதைத் தீங்குக் களையாக அறிவித்தது.

கனடாவின் மோர்டன் ஆய்வு நிலையத்தில் 1930களில் உருவான 'மோர்டன் பிங்க்' போன்ற வகைகள் விதையற்றவை எனக் கருதப்பட்டு நீண்ட காலம் விற்கப்பட்டன. தனித்து நின்றால் அவை விதைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அருகில் காட்டுச் செடிகள் இருந்தால் தேனீக்கள் பொருத்தமான மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அப்போது அவையும் விதைக்கும். டார்வினின் விளக்கத்தை அறிந்தவர்க்கு இது வியப்பளித்திராது.

1992 முதல், இச்செடியின் இலைகளைத் தின்னும் கலெருசெல்லா வண்டுகள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. பல சதுப்பு நிலங்களில் செடியின் அடர்த்தி குறைந்தது, முற்றாக அழியவில்லை. அங்குள்ள தோட்டங்களுக்கு, அம்மண்ணிற்கே உரிய லயாட்ரிசு சுபிகேட்டா மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. அதுவும் ஊதாக் கதிர்களைத் தரும். ஆனால் குளிர்காலத்தில் நீர் தேங்கினால் அதன் கிழங்கு அழுகிவிடும்.