பேட்டாவில் போன வழக்குகள்

தாமிரபரணிப் பாசனத்தில் மடைக்கும் வரப்புக்குமாக நடந்த வழக்குகளில் எத்தனையோ, யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமலே முடிந்துபோயிருக்கின்றன. ‘டிஃபால்ட்டில் தள்ளுபடி’ என்று எழுதிக் கட்டை மூடிவிடுவார்கள். வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை நம் ஜனங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1801இல் திருநெல்வேலிச் சீமை முழுதாகக் கம்பெனியார் கைக்குப் போனது. மறு ஆண்டே சென்னை ராஜதானியில் ஜில்லா கோர்ட்டுகளுக்கான சட்டங்கள் வந்தன. ஊர்க்கூட்டத்துக்கு வராதவனை ஆள்விட்டுக் கூட்டி வரலாம். கோர்ட்டில் அது நடக்காது. கோர்ட் சேவகரான டவாலி மூன்று முறை கூப்பிடுவார், அவ்வளவுதான். வாதி வராவிட்டால் வழக்கு போய்விடும் என்ற விதி 1859இன் முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே உண்டு. இன்று நடப்பில் இருக்கும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது.

அந்தக் காலத்தில் வாய்தாவுக்கு வந்து சேருவதே பெரும்பாடு. 1843இல் சுலோசன முதலியார் பாலம் திறக்கும்வரை நெல்லையிலிருந்து பாளையங்கோட்டைக் கரைக்குத் தோணிதான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் தோணியை யார் நம்புவது?

வழக்கு கைவிட்டுப் போக, வாய்தாவுக்கு வராமல் போவது ஒரு வழி. பேட்டா இன்னொரு வழி. பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்பக் கட்ட வேண்டிய சிறு தொகை அது. அதைக் கட்டாமல் விட்டுச் சம்மன் சார்வாகாவிட்டால், 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் கட்டளை இரண்டாம் விதிப்படி வழக்கைத் தள்ளலாம். இதிலாவது, காலாவதி ஆகாமல் இருந்தால், புது வழக்குப் போட இடமுண்டு. பிரதிவாதி வந்து நிற்க வாதி மட்டும் வராமல் போனால் அந்த வழியும் கிடையாது. அதே காரணத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. தள்ளிய உத்தரவை நீக்கச் சொல்லி மனுப் போடுவது ஒன்றே வழி. அதற்குக் கெடு 30 நாள்.

பதினோராம் கட்டளை இருபத்தோராம் விதி இதைவிடக் கடுமையானது. கையில் உள்ள ஆவணங்களைக் காட்டு என்று கோர்ட் போட்ட உத்தரவை வாதி மீறினால் வழக்கையே தள்ளலாம். மடை வழக்கு ஒன்றில் ஒரு வயதான அம்மாள் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். பாகப்பத்திரத்தைக் காட்டச் சொல்லி உத்தரவு வந்ததை அவளிடம் யாருமே சொல்லவில்லை. பத்திரமோ வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. “நம்ம கேஸு எப்பம் வருது அண்ணாச்சி?” என்று அவள் என்னைக் கேட்டபோது வழக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி வேறொரு வக்கீல் மூலம் மனுப் போட்டு, செலவுத்தொகை கட்டி, வழக்கைத் திரும்பக் கோப்பில் ஏற்றினோம். அதற்குள் அந்த மடை இருந்த இடத்தில் சுவர் எழும்பிவிட்டது.

உத்தரவை மதிக்காவிட்டால் கோர்ட் நடக்காது. இழுத்தடிக்கவே வழக்குப் போடுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தள்ளுபடி என்பது கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமே 1978இல் பப்பர் தையல் இயந்திரக் கம்பெனி வழக்கில் அந்த இருபத்தோராம் விதியைப் பற்றி அப்படித்தான் சொன்னது. 1981இல் ரஃபீக் வழக்கில், வக்கீல் வராததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்றது. கிராமத்து மனிதர் வக்கீலை அமர்த்திப் பணமும் கொடுத்த பிறகு வேறென்ன செய்வார் என்பதே அதன் கேள்வி.

மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்ற திருத்தம் 2002இல் நடப்புக்கு வந்தது. சேலம் வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கில், 2005இல் அதற்கும் விலக்கு பிறந்தது. சுனாமி, பூகம்பம் போலக் கட்சிக்காரர் கையை மீறியது நேர்ந்தால் கூடுதல் வாய்தா தரலாம் என்றது தீர்ப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் வாய்தா தவறியவருக்கு இந்தத் தீர்ப்பு துணை.

வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வழக்குக்குப் பதினாறு எழுத்துள்ள சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அதை வக்கீலிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். தள்ளுபடி என்று காட்டினால் மனம் உடைந்து உட்கார்ந்துவிடாதீர்கள். 30 நாளைக்குள் வக்கீலிடம் போய் மனுப் போடச் சொல்லுங்கள்.