காவலூர்: கைமாறிய அறிவின் கதை

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூருக்குத் தெற்கே சவ்வாது மலைத்தொடர் எழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலாலேயே பெயர்பெற்ற இந்நிலப்பரப்பின் ஓரத்தில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் ஒரு வானாய்வகம் இருப்பதை நம்மவர் பலர் அறிவர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி உருவான கதையை அறிந்தவர் சிலரே. அது வானியலுக்கு மட்டும் உரிய கதையன்று. ஒருவர் அறிந்ததைப் பலரும் அறியச் செய்வது எவ்வாறு என்னும் கேள்விக்கும் உரியது.

அக்கேள்வி நமக்குப் புதிதன்று. கைமருந்தைப் பிறர்க்குச் சொன்னால் பலிக்காது என்று நம்பிய சமூகம் நம்முடையது. வைத்தியரோடு மருந்தும் தச்சரோடு கணக்கும் மறைந்துபோவது நமக்குப் பழகிய இழப்பு. இதற்கு மாறான வழியைக் காட்டியவர்களும் இருந்தனர். 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி கதிரவனைக் கடக்கவிருந்தபோது, அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். சென்னையின் வானியற்பணி பின்னர்க் கொடைக்கானலுக்குச் சென்றது. கொடைக்கானலிலிருந்து காவலூர் கிளைத்தது.

கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை 1960இல் ஏற்றவர் வைணு பாப்பு. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம் என்பது காவலூரின் சிறப்பு. 1968இல் அங்கு நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் அளவினதே. ஆயினும் அது கொடைக்கானல் பணிமனையிலேயே செய்யப்பட்டது. கருவியை மட்டுமன்றி, கருவி செய்யும் கைகளையும் ஆக்குவது பாப்புவின் நோக்கமாயிருந்தது என்பதை இத்தொடக்கமே காட்டுகிறது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அக்கருவிக்கு 1977 மார்ச் 10ஆம் நாள் ஒரு வாய்ப்பு அமைந்தது. அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தனர். யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது என்றே அவர்கள் முதலில் கருதினர். இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கரான ஜேம்ஸ் எலியட்டின் குழு, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி மங்கியதைக் கண்டது. பல இடத்துப் பதிவுகளை ஒப்புநோக்கியபோதுதான் அவை வளையங்கள் என்பது உறுதிப்பட்டது. தனித்தனியே ஐயத்துக்கு இடமளித்த குறிப்புகள், ஒன்றுசேர்ந்தபோது உண்மையாயின. அவ்வாண்டு ஆகஸ்டில் புறப்பட்ட வாயேஜர் 2 விண்கலம், 1986 ஜனவரியில் யுரேனஸை நெருங்கியபோது அவ்வளையங்களைப் படம்பிடித்தது.

இனி 2.34 மீட்டர் கருவிக்கு வருவோம். அதன் கண்ணாடிக்கான வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பின்னமளவும் பிழையாகாத நுண்மையோடு அதைத் தேய்த்து மெருகிடும் பணி, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பெங்களூர்க் கூடத்தில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நடந்தது. பொறியியல் வடிவமைப்பு டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துடையது. இரும்புச் சட்டகங்கள் மராட்டியத்து வால்சந்த் நகரில் உருவாயின. வெவ்வேறு ஊர்களில் செய்த உறுப்புகள் மலைமேல் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். வரைபடமும் அளவும் பிழையின்றிக் கைமாறினாலன்றி அது நடவாது.

இப்பணி முடியுமுன் 1982 ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பாப்பு காலமானார். அப்போது அவர் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவர், வயது 55. ஒரு மனிதரின் கனவு அவரோடே மடிந்துபோகும் இடம் இதுதான். ஆனால் இங்கே அது மடியவில்லை. காவலூரில் யுரேனஸை நோக்கிய அதே பட்டாச்சார்யா இயக்குநரானார். 1985 நவம்பரில் தொலைநோக்கி தன் முதல் ஒளியைப் பெற்றது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்து, ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

பெயர் சூட்டியது தகும். எனினும், பாப்பு இல்லாமலே அப்பணி முடிந்தது என்பதே அவருக்குக் கிடைத்த பெரும் சிறப்பு என்பது நம் கருத்து. தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால் 1982இல் எல்லாம் நின்றிருக்கும். அக்கருவியை முடித்த நிறுவனமே பின்னாளில் லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில், மற்றொரு தொலைநோக்கியை நிறுவியது.

தோலைத் தொட்டே அதன் பதம் அறிபவர்கள் காவலூரின் அடிவாரத்து ஊர்களில் உண்டு. கண்ணாடியை மெருகிட்ட கைகளின் அறிவும் அத்தகையதே. ஏட்டில் எழுதி முடியாத அவ்வறிவு, பக்கத்தில் நின்று பழகுபவருக்கே வசமாகும். ஒரு பணியின் தலைவர் திட்டமிட வேண்டியது நாள்களையும் செலவையும் மட்டுமன்று. தமக்குப் பின் அப்பதம் அறிந்தவர் யார் என்பதையும்தான். தொழிற்கூடங்களுக்கும், நம்மைப் போன்ற ஆசிரியர்களின் வகுப்பறைகளுக்கும் இது பொருந்தும்.